ராத்திரிக்கு மட்டும்

கடல் மீன் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பம்பை ராத்திரிக்கு மட்டும் அணைக்கலாமா என்று யார் கேட்டாலும், கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தொட்டி பராமரிக்கப் போகிற பெரம்பூர் வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

கேட்டது வீட்டுக்காரர் இல்லை, அவருடைய அம்மா. பக்கவாதம் வந்த பிறகு ஹாலில் தொட்டியை ஒட்டித்தான் அவருக்குக் கட்டில்.

"தம்பி, இந்த உர்ருங்குற சத்தத்த ராத்திரிக்கு மட்டும் நிறுத்தேன்பா."

"முடியாதும்மா, மீன் செத்துடும்."

"மீனுக்கு மூச்சு வேணும், சரி. எனக்குத் தூக்கம் வேணாமா?"

நான் சொன்னதில் பொய் இல்லை. 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். கடல் தண்ணீர் 7கூடப் பிடிக்காது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி, நம்ம ஊர்க் கோடையில் 30 டிகிரியைத் தொட்டால் 6 சொச்சம்தான். விளக்கு அணைந்தபின் பாசியும் ஆக்சிஜனை விடாது, எடுத்துக்கொள்ளும். தண்ணீரின் மேல்பரப்பு அசைந்துகொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே இறங்கும். அசைவு நின்றால் முதலில் புளூ டாங் மீன்தான் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை மட்டும் நிறுத்தி, தொட்டிக்குள் தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்பி வைத்திருக்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வைக்கலாம், ராத்திரி கழிந்துவிடும். காலையில்தான் சிக்கல். சுண்ணாம்பு படிந்த பம்ப், நின்றால் மறுபடி சுற்றாமல் உறுமிக்கொண்டே சூடாகும். மகன் விடியும்முன் வேலைக்குப் போகிறவர். யார் கவனிப்பது?

அன்றைக்கு என்னால் ஆனதைச் செய்தேன். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். வெள்ளைப் படிவு உரிந்தபோது செராமிக் தண்டில் முடி அளவு விரிசல் தெரிந்தது. கடகடப்பு அதனால்தான். புதுத் தண்டு போட்டு, பம்புக்கு அடியில் ரப்பர் வைத்து, இறங்கு குழாயின் வால்வை இழை இழையாகத் திருகி, கொப்பளிப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"இப்போ கேக்குதாம்மா?"

"கேக்குது தம்பி."

நாளெல்லாம் பம்ப் சத்தத்திலேயே இருக்கிற காது என்னுடையது. அவருடையது ராத்திரி முழுக்க அதை ஒட்டியே கிடக்கிற காது. என் காதை வைத்து அவருக்கு என்ன சொல்ல முடியும்?

அடுத்த முறை போனபோது கட்டில் உள் அறைக்குப் போயிருந்தது. "பிரச்சன தீந்துச்சுண்ணே" என்றார் மகன். ஹாலில் இருந்தால் வாசல் தெரியும், டிவி தெரியும், வந்துபோகிறவர்கள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். உள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

இடையில் மகன் போனில் கேட்டிருந்தார், தொட்டியை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று. 400 லிட்டர் உப்புத்தண்ணீரே 400 கிலோவுக்கு மேல், பாறையும் கண்ணாடியும் தனி; எல்லாவற்றையும் வடித்து, மீன்களை டப்பில் விட்டு, பேட்டரி ஏர் பம்ப் போட்டுக் காக்க வேண்டும்; மணலைக் கிளறினால் அடியில் தேங்கிய அழுகல் வாயு கிளம்பி மீனையே கொல்லலாம் என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். அத்தனையும் உண்மை. கட்டிலை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டிலைத் தூக்க இரண்டு பேர் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் கேட்டால் உள்ளதைச் சொல்வதுதானே என் வேலை? மீனுக்காகப் பேச அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்காகப் பேச யார் இருந்தார்கள் என்ற கேள்வி உடனே பின்னால் வந்துவிடுகிறது.

அம்மா மறுபடி கேட்டாலும் பம்பை நிறுத்தச் சம்மதிக்க மாட்டேன். தொட்டியை மாற்றும் வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்து தருகிறேன் என்று மகனிடம் சொல்லிப் பார்க்கலாம். அவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. ஒத்துக்கொண்டாலும் அந்த புளூ டாங் தாங்குமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.