காத்திருக்கத் தெரியாத ரோபோ

முதியோர் இல்லங்களில் ரோபோக்களை அறிமுகப்படுத்தும் பணியில் சேர்ந்தபோது, எந்தப் பொத்தான் எதற்கு என்று விளக்குவதே என் வேலை என்று எண்ணியிருந்தேன்.

பேசும் ரோபோவின் முன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "நாளைக்கு..." என்று தொடங்கி, அடுத்த சொல்லுக்காகச் சற்று நிதானித்தார். அதற்குள் அது, "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்றது. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்ததும், "எனக்குத்தான் பேசத் தெரியலை, தம்பி" என்று நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மௌனம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நீடித்தால் பேசுபவர் முடித்துவிட்டார் என்று மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது. வயதானவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் இடைவெளியோ பல வேளைகளில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டினேன். முதுமையில் கீச்சொலிகளே முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன என்பதால், ரோபோவின் குரலையும் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்தேன். மறுநாள் அவர் தம் கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்தார்.

அதன் பிறகு, பேசத் தயங்குபவர்களிடம் முதலில் பாரோ என்ற கடல்நாய்க் குட்டி வடிவ ரோபோவைக் கொடுக்கத் தொடங்கினேன். ஜப்பானில் ஷிபாடா தக்கானோரி 1993 முதல் உருவாக்கிய இந்தக் கடல்நாய்க் குட்டி ஏறத்தாழ 2.7 கிலோ எடை கொண்டது. தடவினால் கண் சிமிட்டும், குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பும். நாய், பூனை என்றால் உண்மையான விலங்கோடு ஒப்பிட்டு ஏமாற்றம் அடைவோம் என்பதாலேயே, பெரும்பாலோர் நேரில் பழகியிராத கடல்நாயின் உருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இதனிடம் தவறாகச் சொல்லிவிட ஏதுமில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. "இதற்கு உயிர் உண்டா?" என்று கேட்பவர்களிடம், இல்லை என்றே சொல்கிறேன். மறைத்தால் அவர்கள் மகிழ்வார்கள் என்று சக பணியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. உண்மை தெரிந்த பிறகும் பலர் அதை மடியிலிருந்து இறக்குவதில்லை.

நாள்தோறும் நான் நிரப்பும் படிவத்தில் "பயனரின் பிழை" என்று ஒரு கட்டம் உண்டு. முன்பெல்லாம் அதில் எண்களை எழுதிவந்தேன். இப்போது அதை அடித்துவிட்டு, "ரோபோ காத்திருக்கவில்லை" என்று எழுதி, அவர் எத்தனை நொடிகள் நிதானித்தார் என்பதைப் பக்கத்தில் குறித்து அனுப்புகிறேன்.