முதல் ஆல்பத்தில் எதை மாற்றக் கூடாது

தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிற ஒருவர் முதல் ராக் ஆல்பத்துக்கு ஸ்டூடியோவுக்கு வரும்போது, கையில் பத்துப் பன்னிரண்டு டெமோ இருக்கும். பெரும்பாலும் போனில் பதிந்தவை. ஒன்று டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கிட்டார் கேட்கும் முழு ராக், ஒன்று வெறும் அகூஸ்டிக் கிட்டாரும் குரலும், ஒன்று ரெகே, இன்னொன்றில் டிரம் மெஷினும் சின்த்தும். "எல்லாமே என் பாட்டுதானே, தானா சேர்ந்துடும்" என்ற நம்பிக்கையும் கூடவே வரும். சேராது. கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நாலு பேர் தனித்தனியே பாடிக் கொடுத்த தொகுப்பு மாதிரிதான் கேட்கும்.

ஆகவே ரெக்கார்டிங் தொடங்கும் முன்பே, எவை மாறப்போவதில்லை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது எங்கள் வேலையில் ஊறிப்போன பழக்கம். குரலின் மைக்கும் பிரீஆம்பும் (மைக் ஒலியைப் பெருக்கும் கருவி), டிரம்ஸ் வைக்கும் அறை, ஆல்பம் முழுக்கப் பயன்படுத்தப்போகும் ஒன்றிரண்டு ரிவெர்ப் (எதிரொலி விளைவு). இவ்வளவு போதும். மற்றதையெல்லாம் பாட்டுக்குப் பாட்டு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

இதில் குரல்தான் முதலில் கை நழுவும். முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்க அடிக்கட்டை ஒலி கூடும். மென்மையான பாட்டில் பாடகர் தன்னை அறியாமல் 5 செ.மீ. வரை போய்விடுவார், குரல் தடித்துவிடும். ராக் பாட்டில் கத்தவேண்டி வந்ததும் பின்வாங்குவார், குரல் மெலிந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆளே வேறு. பாப் ஃபில்டரை (மூச்சுக் காற்றைத் தடுக்கும் திரை) மைக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிறுத்தி, நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி, உரத்த பாட்டுக்கு கெய்னை (ஒலியைப் பெருக்கும் அளவை) மட்டும் குறைப்பது நல்லது. கெய்ன் குமிழை ஒவ்வொரு பாட்டுக்கும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு வரியைத் திரும்பப் பாட வைக்கும்போது உதவும்.

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினால்தான் உயிர் வரும் என்பவர்களை மாற்ற முயல வேண்டாம். ஆனால் குரல் மைக்கில் கிட்டார் கசிந்துவிட்டால், பிறகு சுருதி பிசகிய ஒரு சொல்லைத் திருத்தும்போது பின்னால் இருக்கும் கிட்டாரும் சேர்ந்து வளையும். முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவ மைக்குக்குப் பக்கவாட்டில் காது கேட்காது. குரல் மைக்கின் அந்தப் பக்கம் கிட்டாரை நோக்கியும், கிட்டார் மைக்கின் அந்தப் பக்கம் வாயை நோக்கியும் இருக்கும்படி வைத்தால் கசிவு வெகுவாகக் குறைந்துவிடும்.

டெம்போ தனிச் சிக்கல். தனியாக வாசித்துப் பழகியவரின் பாட்டு மூச்சு விடும்: சரணத்தில் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு), பல்லவிக்கு வரும்போது 95. அதை ஒரே கிளிக்கில் (டெம்போ காட்டும் டிக் டிக் ஒலியில்) கட்டிப்போட்டால் பல்லவி ஏறவே ஏறாது. முதலில் கிளிக் இல்லாமல் முழுப் பாட்டையும் பாட வைத்து, நான்கு நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) டெம்போ குறித்து, அதற்கேற்பக் கிளிக்கை வளைத்துத் தயார் செய்துவிட்டு டிரம்மரை உட்கார வைக்கலாம். டிரம் மெஷின் பாட்டுகளுக்கு இது தேவையில்லை. அங்கே இறுக்கம்தான் அழகு.

மெஷின் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு) நிஜ டிரம்மரும் ஒரே பாட்டில் சேரும்போதுதான் கதை கந்தலாகிறது. இந்த வகை ஆல்பத்தில் அது கட்டாயம் ஓரிடத்திலாவது வரும். 120 பிபிஎம்மில் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். லூப்பின் ஹை-ஹாட் (ஜோடிச் சிம்பல்) தட்டைச் சரிபாதியாக வெட்டும், இரண்டாவது அடி 250-ல் விழும். டிரம்மர் கொஞ்சம் ஸ்விங் கொடுத்து, அதாவது அந்த அடியைச் சற்றுத் தாமதித்து, தட்டின் 58 சதவீதத்தில் வாசித்தால் அவருடைய அடி 290-ல். இடைவெளி 40 மில்லிசெகண்ட். காது அதை ஒரே அடியாக ஏற்காமல் இரட்டை அடியாகவே கேட்கும். உடனே டிரம்மரின் அடிகளை கணினியின் சீரான கிரிட்டுக்கு இழுத்துக் குவாண்டைஸ் செய்யத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படிச் செய்தால் எதற்காக ஆளை வரவழைத்தோமோ அதுவே போய்விடும். லூப்பைத் துண்டு துண்டாக வெட்டி டிரம்மரின் அடிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

அடிக்கட்டை ஒலியிலும் இதே சண்டை. நிஜ கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 808 டிரம் மெஷினின் கிக்கும் சேர்ந்து ஒலித்தால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுதான் குடியிருக்கலாம். மற்றதை 80 ஹெர்ட்ஸ் சுமாரில் வெட்டிவிட்டு, போலாரிட்டியை (ஒலியலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்து எது நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். 808-ஐ பாட்டின் ஆதார சுருதிக்கு ட்யூன் செய்யாவிட்டால் பேஸ் கிட்டாரோடு மோதும். ஈ சுருதிப் பாட்டென்றால் அது 41 ஹெர்ட்ஸ் அளவில் வரும். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. லேசாக சாச்சுரேஷன் (மெல்லிய சிதைவு) கொடுத்து மேல் ஹார்மானிக்ஸை எழுப்பினால்தான் அங்கே பேஸ் இருப்பதே தெரியும்.

டிரம்ஸுக்கு ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் முறை எங்களுக்குப் பிடித்தது. ஒரு ஓவர்ஹெட் மைக் ஸ்னேர் டிரம்முக்கு நேர் மேலே ஒரு மீட்டர் உயரத்தில், இன்னொன்று ஃப்ளோர் டாம் பக்கத்திலிருந்து ஹை-ஹாட்டைப் பார்த்து. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும். கண்ணால் நிதானிக்காமல் கயிறு பிடித்து அளக்க வேண்டும். 34 செ.மீ. வித்தியாசம் வந்தாலே ஒரு மில்லிசெகண்ட் தாமதம். இரண்டு மைக்கையும் மோனோவில் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, ஸ்னேர் தகரம் தட்டுவது போல ஆகிவிடும். அறையும் மைக்கும் அப்படியே இருக்க, ஸ்னேரை மட்டும் பாட்டுக்கேற்ப மாற்றினால் போதும்: ராக்குக்கு ஆறரை அங்குல ஆழமுள்ளது, ரெகேக்கு உயர இழுத்துக் கட்டிய சன்னமானது. இசை வகை மாறியது கேட்பவருக்குத் தெரியும், இடம் மாறியதாகத் தோன்றாது.

கிட்டாரைப் பற்றிச் சுருக்கமாக. இடம், வலம் என்று இரட்டிப்பாக வாசிக்கும்போது ஒவ்வொரு டேக்கிலும் டிஸ்டார்ஷனைக் குறைவாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்ததும் கூழாகிவிடும். கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) போட்ட பிறகு மறுபடியும் ட்யூன் செய்யாமல் வாசிக்கக் கூடாது. ஆம்ப் ஒலியோடு டிஐ டிராக்கையும் (கிட்டாரிலிருந்து நேராக வரும் ஒலி) பதிந்து வைத்தால், ஒலி பிடிக்காதபோது திரும்ப வாசிக்காமலே வேறு ஆம்ப் வழியாக விட்டுப் பார்க்கலாம்.

மாஸ்டரிங்கில் எல்லாப் பாட்டையும் மீட்டரில் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். வேண்டாம். ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ்ஸை (காதுக்குத் தெரியும் உரப்பின் அளவு) குறியாக வைத்து ஒலியளவைச் சரிசெய்கிறது. ஆனால் ஆல்பமாகக் கேட்கும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவுதான் ஏற்றி இறக்கும், மென்மைக்கும் உரப்புக்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே நிற்கும். ஆகவே மீட்டரை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வால்யூம் குமிழைத் தொடாமல் எல்லாப் பாட்டையும் ஓடவிட்டு, குரல் எங்கே உள்ளே போகிறது, எங்கே முகத்தில் வந்து அடிக்கிறது என்று கேட்டாலே அளவு கிடைத்துவிடும். டிஜிட்டலுக்கு ட்ரூ பீக் (ஒலியலையின் உண்மையான உச்சம்) -1 டெசிபெல்லைத் தாண்டாமல் இருந்தால் சரி.

பாட்டு வரிசையை முடிவு செய்யும் முன், வினைல் இசைத்தட்டு போடப்போகிறாரா என்று கேட்டுவிட வேண்டும். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் நெருக்கினால் ஒலியளவைக் குறைத்தாக வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டு உள்வட்டத்தில் விழும். அங்கே உச்ச ஒலிகள் மங்கும், ஸகர ஷகரமெல்லாம் கிழியும். சத்தமான பாட்டோடு முடிக்கலாம் என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை.

காகித வேலையையும் மிக்ஸுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாடல் உரிமை வேறு, ஒலிப்பதிவு உரிமை வேறு. பேஸ் வாசித்தவர் ஒரு மெட்டை மாற்றிக் கொடுத்திருந்தால், பாடலில் அவருக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதைச் சதவீதத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்க அப்போதுதான் சரியான நேரம். பாட்டு பேர் வாங்கிய பிறகு அந்தப் பேச்சே கசக்கும். இணையத்திலிருந்து எடுத்த லூப்புகளின் உரிம விவரத்தையும் அதே கோப்பில் வைக்க வேண்டும். ஒவ்வொரு டிராக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ஒலிப்பதிவின் அடையாளக் குறியீடு) வேண்டும். குரலில்லாத மிக்ஸ், குரல் மட்டும், 24 பிட் ஸ்டெம்கள் (கருவிவாரியான தனித்தனிப் பதிவுகள்) எல்லாவற்றையும் மிக்ஸ் முடிந்த அன்றே எடுத்து இரண்டு டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். வருஷம் கழித்துப் பழைய செஷனைத் திறந்தால் பாதி பிளக்-இன் (ஒலி மென்பொருள்) திறக்க மறுக்கும்.