ஆக்ஸ்ஃபோர்டில் டிராகனைத் தேடி ஒரு நடை

முதலில் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. லண்டனிலிருந்து ரயிலைவிட மலிவு என்று பஸ் பிடித்து, வழியெல்லாம் ஹீட்டரில் வெந்து ஆக்ஸ்ஃபோர்டில் இறங்கினால், டிராகன் ஸ்கூல் என்ற பழைய பள்ளி இருக்கும், ஒன்றரை மைல்கூட இல்லாத பார்ட்வெல் ரோடுக்கு அவர் கேட்ட தொகை பஸ் கட்டணத்தைத் தாண்டியது. "வேண்டாம் சாமி" என்று நடையைக் கட்டினேன். நடந்ததுதான் லாபம். அந்தப் பள்ளியின் ஆரம்ப வரலாறு முழுக்க அந்த வழியில்தான் கிடக்கிறது.

செயின்ட் ஜைல்ஸ் என்ற அகலமான தெருவில், பேலியல் ஹால் என்ற கட்டடத்தின் அறைகளில், 1877 செப்டம்பரில் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கூடிய ஒரு குழு. ஆக்ஸ்ஃபோர்டு ஃபெல்லோக்கள், அதாவது கல்லூரி ஆசிரியர்கள், கல்யாணமே செய்யக்கூடாது என்றிருந்த பழைய விதி தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. குடும்பம் வந்தால் பிள்ளைகள், பிள்ளைகள் வந்தால் பள்ளி! ஈட்டன், வின்செஸ்டர் மாதிரிப் பெரிய பள்ளிகளில் சேர 13 வயதுக்குள் பையன்களைத் தயார்செய்வதுதான் 'பிரெப் ஸ்கூல்' வேலை. அதனால் வைத்த பெயரும் ஆக்ஸ்ஃபோர்டு பிரிபரேட்டரி ஸ்கூல்தான். குழுவில் ஜார்ஜ் என்றொருவர் இருந்தாராம். புனித ஜார்ஜ் கொன்றது டிராகனை; அப்படியானால் நாங்கள் டிராகன்கள் என்று மாணவர்கள் கிளப்பிய குறும்பு, கடைசியில் பள்ளியின் பெயராகவே ஆகிவிட்டது.

வடக்கே நடந்தால் செங்கல் வீடுகள் வரிசைகட்டும். கிரிக் ரோடு 17ஆம் எண். ஏ. ஈ. கிளார்க் என்ற முதல் தலைமையாசிரியர் இரண்டே வருஷத்துக்குள் பள்ளியை இங்கே கொண்டுவந்துவிட்டார். பலகை, விளக்கம், டிக்கெட் எதுவும் என் கண்ணில் படவில்லை. கல்லூரி வாசலில் பர்ஸைத் திறக்கச் சொல்லும் ஊரில் இது எவ்வளவு நிம்மதி!

எனக்குப் பிடித்த ஆள் 1886இல் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற சி. சி. லைனம். 'ஸ்கிப்பர்' (படகுத் தலைவர்) என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். 'ப்ளூ டிராகன்' என்று பாய்மரப் படகுக்குப் பெயர்வைத்து நார்வே வரை போன மனிதர். விறைப்பான தலைமையாசிரியர்கள் மலிந்திருந்த விக்டோரியா காலத்தில் இப்படி ஒருவர்! 1894இல் பார்ட்வெல் ரோட்டில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்; உள்ளூர்ப் பெற்றோர் 4,000 பவுண்டு திரட்டிக் கொடுக்க, ஒரு வருஷத்துக்குள் பள்ளி இடம்மாறியது. டாக்ஸிக்குக் கணக்குப் பார்த்த எனக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் மூச்சு முட்டியது. அவருக்குப் பிறகு தம்பி, தம்பி மகன் என்று தலைமை குடும்பத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அதை மட்டும் என்னால் பாராட்ட முடியவில்லை.

ஸ்கிப்பர் காலத்து மாணவர்களில் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே விஞ்ஞானி. அவர் தங்கை நவோமியும் இங்கேதான் படித்தார், பையன்கள் பள்ளியில்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஸ்கிப்பர் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்குள் விடமாட்டார்கள்; சின்னப் பிள்ளைகள் இருக்குமிடம், வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள். தெருக்கோடியில் செர்வெல் ஆறு, படகு வாடகை என் பட்ஜெட்டுக்கு மேல். திரும்பும்போது கவர்ட் மார்க்கெட்டில் கிரேவி ஊற்றிய சிக்கன் 'பை'யும் (pie, மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது) மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிடுங்கள். டாக்ஸிக்குக் கொடுக்காத காசில் நான் இரண்டாவது சிக்கன் 'பை'யும் வாங்கினேன்.