பாட்டு நின்றுபோன வீட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு

அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பாட்டு நின்றுவிட்டது. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வேதம் வாசிப்போம், அப்பா ஜெபிப்பார், பரமண்டல ஜெபம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பது எப்போதும் அம்மாதான். எடுக்க ஆள் இல்லாமல் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

கோயிலிலும் அதே கதைதான். பாளையங்கோட்டைப் பக்கத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பதினைந்து வருடமாக டெனர் பாடியவன் நான். அடக்க ஆராதனைக்கு அடுத்த ஞாயிறு எழுந்து நின்றேன். முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் எட்டு மாதம் கடைசி பெஞ்சுதான். விசுவாசம் போய்விடவில்லை. ஜெபிக்க முடிந்தது, கேட்க வேண்டியதைக் கேட்க முடிந்தது. துதிக்க மட்டும் வரவில்லை. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்ற 103-ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன். தன் ஆத்துமாவுக்கே ஒருவன் ஏன் இப்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த எட்டு மாதத்தில்தான் விளங்கியது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒரு நாள் வந்தார். "ஏல, தரங்கம்பாடிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோமா? உங்கம்மா போணும் போணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசி வரைக்கும் வாய்க்கல" என்றார். சரி என்றேன். மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். திருக்கடையூரில் பாதி பஸ் இறங்கிவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த குடும்பங்கள், மாலையும் தாம்பாளமுமாக. அதன் பிறகு காற்றில் உப்பு வாசம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். 1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் நேராகக் கடலைப் பார்த்துப் போகும் தெரு. தெரு முடிகிற இடத்தில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை.

'தரங்கம்' என்றால் அலை. அலை பாடுகிற ஊர் என்று பலரும் அழகாகப் பொருள் சொல்கிறார்கள். 'பாடி' என்பது குடியிருப்பைக் குறிக்கும் சொல்தான், பாட்டு அல்ல. சித்தி தமிழாசிரியை, எனக்கு அதை விளக்கிவிட்டு, கரையில் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஆனாலும் பாடத்தான்ல செய்யுது" என்றார்.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளான பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது 23 வயது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அடுத்த வருடம் மே மாதம் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். எனக்கு இதில் மனம் தங்கிவிட்டது. தங்கள் உடம்பே தங்களுக்குச் சொந்தமில்லாத ஐந்து பேர். அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் ஸ்தோத்திரம் எப்படி இருந்திருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனோம். 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில். சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீட முத்திரை. ராஜ முத்திரைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மல்லிகைப் பூவும் வேதப் புத்தகமுமாகச் சனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

லுத்தரன் ஆராதனை முறை எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முறைக்குக் கொஞ்சம் வேறு. பாட்டுகளும் வேறு. நாங்கள் பாமாலை என்போம். இவர்கள் ஞானப்பாட்டு என்கிறார்கள். ஜெர்மன் மெட்டு, தமிழ் வார்த்தை. தமிழ் இலக்கணத்துக்குப் பழகிய காதுக்கு அங்கங்கே சொற்கள் மெட்டோடு முட்டும். ஆனால் 300 வருடம் பாடிப் பாடி அந்த மூலைகளெல்லாம் ஆற்றுக் கல் மாதிரி மழுங்கிவிட்டன.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். என்னிடம் பாட்டுப் புத்தகம் இல்லாததைப் பார்த்துத் தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் வாயைத் திறக்காததையும் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பாடினார். சுருதி சேரவில்லை, பாடகர் குழுவில் இருந்தவனுக்கு அது உடனே தெரியும். ஆனால் அந்தக் குரலில் தயக்கமே இல்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நான்கு சரணமும் நின்றேன்.

ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் அவரிடம் பேசினேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "எனக்கும் அப்படி இருந்துது தம்பி" என்றார். "சுனாமியில வீட்டுல ரெண்டு பேரக் குடுத்தேன். ஞாயித்துக்கிழம காலயிலதான் வந்துது. அதுக்கப்புறம் வருசம் பூரா கோயிலுக்கு வந்து சும்மா உக்காந்திருப்பேன். சுத்தி இருந்தவங்க பாடுவாங்க. அவங்க பாட்டுக்குள்ள நான் இருந்தேன். அவ்ளோதான்."

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் முடிந்த களைப்போடு நாங்கள் கோயிலில் இருந்த காலை அது.

மறுபடி உள்ளே போனோம். பலிபீடத்தருகே சீகன்பால்கின் கல்லறை. கோயில் பிரதிஷ்டையாகி நாலரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் இறந்துபோனார். அவருடைய கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்லப்படுவதைச் சித்தி அங்கே நின்றுகொண்டு சொன்னார். இயேசுவே என் நம்பிக்கை என்று பொருள்படும் ஜெர்மன் பாட்டொன்றைப் பாடும்படி அவர் கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் தன்னை நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். அதில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டுக் கொடுத்தவர். தமிழ்ச் சபைக்கு எத்தனை பிரசங்கம், எத்தனை ஜெபம்! அவருக்கும் ஒரு நாள் தன் வாயால் பாட முடியவில்லை. மற்றவர்கள் பாடினார்கள், அவர் கேட்டார். அதைத் துதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சித்தி அப்போது எபிரெயர் 13:15-ஐ நினைவுபடுத்தினார். அங்கே வருகிற வார்த்தை ஸ்தோத்திரபலி. "பலின்னா கையில இருக்கிறதக் குடுக்கறதுல. சந்தோசம் நெறஞ்சு வழியும்போது பாடுறது லேசு. ஒண்ணுமே இல்லாதப்ப 'ஆண்டவரே ஸ்தோத்திரம்'னு ஒத்த வார்த்த சொன்னா அதும் பலிதான்." துதி ஆராதனை என்றாலே கீபோர்டும் டிரம்ஸும் கைத்தட்டலும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. நானும் கை தட்டியவன். ஆனால் வாய் திறக்காத ஒருவன் பக்கத்தில் புத்தகத்தை நகர்த்தி வைக்கிறவரும் ஆராதனைதான் நடத்துகிறார் என்பதை இந்தப் பெஞ்சில்தான் கண்டேன்.

எங்கள் கீர்த்தனைகளுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு நூல் இருக்கிறது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்தான், பின்னாளில் எங்கள் நெல்லைச் சீமைச் சிறுவன் ஒருவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் வேதநாயக சாஸ்திரியார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகத்தோடும் தாளத்தோடும் நாம் ஆண்டவரைப் பாடுவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அம்மாவுக்குப் பிடித்ததும் அப்படி ஒரு பழைய கீர்த்தனைதான்.

அன்றிரவு தங்கிய அறையில், ஒன்பது மணிக்குச் சித்தி பாயை விரித்தார். வேத வாசிப்புக்கு முன்னால் எதுவும் சொல்லாமல் அந்தக் கீர்த்தனையை எடுத்தார். அம்மா மாதிரியே சுருதியை ரொம்ப மேலே பிடித்துவிட்டார். பல்லவிக்கு நான் முழங்காலில் தாளம் போட்டேன். முதல் சரணம் போனது, இரண்டாவதும் போனது. ஜன்னலுக்கு வெளியே கடல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாவது சரணத்தில் சித்திக்கு வார்த்தை மறந்துவிட்டது. கண்ணை மூடியபடியே நிறுத்தினார். எனக்கு அந்த அடி தெரியும். எடுத்துக் கொடுத்தேன்.