மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கத்தான் போனேன்

எங்க பக்கம் ஒருத்தன் கடனில் முழுகிவிட்டால் இரண்டு மொழியிலும் அவன் பேர் நாறும். பொதட்டூர்பேட்டையில் "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்" என்பார்கள், பஸ் ஏறி நகரியில் இறங்கினால் "ஐபி பெட்டேசாடு" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், கோர்ட்டில் திவால் மனுப் போடுவது. எட்டுத் தறி வைத்து இருபது வருஷம் சேலை நெய்தவன் நான். எனக்குத் தெரிந்த மூன்று பேர் அப்படிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனதைப் பார்த்தவன். நான்காவது ஆளாகப் போகத்தான் 2024 கடைசியில் திருத்தணியில் ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் போனேன்.

அவரைப் பிடித்ததற்குக் காரணம் சாதாரணமானது. எங்க ஊர் 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லாவில் இருந்தது, என் தாத்தா வாங்கிய மனையின் தாய்ப்பத்திரம் முழுக்கத் தெலுங்கு. அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று மச்சான் சொல்லி அனுப்பினான்.

கடன் எப்படி வந்தது என்பதை நீட்ட வேண்டாம். 2018இல் வீட்டை வைத்து 22 லட்சம் வங்கியில் வாங்கினேன், எம்.ஓ.டி. போட்டு, அதாவது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து எழுதும் அடமானம். 2020இல் தறி நின்றது, ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. 2021, 22இல் நூல் விலை ஏறிய ஏற்றம் தறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சேலை வாங்கினவன் பணம் தர நாலு மாசம் ஆக்கினான், நூல் கடைக்காரர் அடுத்த வாரமே கேட்டார், நடுவில் நான் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். நகரியில் இரண்டு பேர், ஊரில் மூன்று பேர். அதில் ஒருத்தரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் இருந்தது.

வக்கீலம்மா முதலில் கேட்டது, "வங்கி நோட்டீஸ் எங்கே அண்ணா?"

இல்லை. போஸ்ட்மேன் ரிஜிஸ்டர் தபால் கொண்டுவந்தபோது நான் வாங்கவில்லை, வாங்காவிட்டால் அது வந்ததாகவே கணக்கில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும், அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்க விடும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும், அந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாய்ப்பை நான் வாசலில் நின்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

"சரி, அது போகட்டும், எனக்கு மஞ்சள் நோட்டீஸ் எழுதிக் கொடுங்க" என்றேன். எழுதித் தருகிறேன், ஆனால் அது உங்களுக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள் என்று உட்கார வைத்தார்.

2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். சென்னைக்கு உள்ளே 1909ஆம் வருஷச் சட்டம், எங்களைப் போல வெளியூர்க்காரர்களுக்கு 1920ஆம் வருஷச் சட்டம். அதில் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று எழுதியிருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து 500. கோர்ட் என்னைத் திவாலானவன் என்று அறிவித்தால் என் சொத்து கோர்ட் கைக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். தாலி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி மாதிரி சிலது மட்டும் மிஞ்சும். விசைத்தறி கைத்தொழில் கருவியா என்று கேட்டேன். "வாதாடிப் பார்க்கலாம், நம்பி இருக்க முடியாது" என்றார்.

நான் காப்பாற்ற நினைத்தது வீட்டை. அதற்குத்தான் அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. அடமானம் பிடித்தவனின் உரிமையை அது தொடாது, வங்கி தன் வேலையைத் தன்பாட்டுக்குப் பார்க்கும். செக் திரும்பினால் அது கிரிமினல் கேஸ், அதையும் தடுக்காது. இன்னொன்றையும் சொன்னார், அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. திவாலானவன் கோர்ட் விடுவிக்கும் வரை, தன் நிலைமையைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அது குற்றம். நான் நூலைக் கடனுக்கு எடுத்து நெய்கிறவன். ஒரு பாவுக்கு நூல் எடுக்கும்போது கடைக்காரரிடம் "நான் திவால்" என்று சொன்னால் அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார், நூல் கொடுப்பாரா? உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஜெயிக்கவும் முடியாதாம். எனக்கு அப்படி ஆசை இருந்ததில்லை, இருந்தாலும் கேட்டபோது என்னமோ செய்தது.

அடுத்த முறை போனபோது அவர் மேஜையில் என் பேரில் எடுத்த வில்லங்கச் சான்று இருந்தது. ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு. மூன்று சென்ட் மனை ஒன்றை முந்தின வருஷம் மனைவி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சத்தம் போடவில்லை, ஃபைலைக் கட்டி என் பக்கம் தள்ளினார். "இதை எதிர் வக்கீல் எடுத்துக் கோர்ட்ல நீட்டினா முட்டாளா நிக்கறது நான்." பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்து, அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் திவால் மனு வந்தால் கோர்ட் அதை ரத்து செய்துவிடலாம், அதுவும் நான் கடனில் இருந்துகொண்டே எழுதியது. என் மனைவிதான் பேசினாள். "மேடம், பயத்துல எழுதினார், வித்துக் கட்டிடறோம்." ஃபைல் திரும்ப அவர் பக்கம் போனது.

2025 ஜனவரியில் வங்கியிலிருந்து வந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மைதாப் பசை, இன்னும் ஈரம். தெருவே பார்க்கிறதே என்று நான் ஒரு மூலையைப் பிய்த்துவிட்டு அப்புறம்தான் அவருக்குப் போன் போட்டேன். "பிய்க்காதீங்க! தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க!" அன்றைக்கு இருந்து 45 நாள், அதற்குள் கடன் மீட்பு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒட்டினதால் வீடு போய்விடவில்லை, காகிதத்தில் மட்டும் சுவாதீனம் எடுத்திருக்கிறார்கள், ஆளை வெளியேற்ற வேண்டுமென்றால் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தனியாக உத்தரவு வாங்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சென்னைக்குப் போனோம். நோட்டீஸில் கேட்டிருந்தது 21 லட்சத்து 80 ஆயிரம், மனுவுக்கு 8,000 ரூபாய் கட்டணம். அதற்கு முந்தின இரண்டு ராத்திரி என் கணக்கு ஸ்டேட்மென்டை வரி வரியாகப் பார்த்து அவர் ஒன்றைப் பிடித்திருந்தார். தவணை தவறியதற்கு அபராத வட்டி போட்டு, அதை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். அபராதத்தை வட்டியாகப் போடக்கூடாது, அதன்மேல் வட்டி ஏற்றக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது, பழைய கடன்களும் 2024 ஜூனுக்குள் அதற்கு மாறியிருக்க வேண்டும். எங்க கணக்கில் அதற்குப் பிறகும் ஓடியிருந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் வங்கி மேலாளர் அதுவரை என்னை நிற்க வைத்தே பேசியவர், அதற்குப் பிறகு நாற்காலி காட்டினார்.

தீர்ப்பாயத்தில் 5 லட்சம் இரண்டு தவணையாகக் கட்டினால் ஏலம் நிற்கும் என்றார்கள். நாலு தறியைக் கழற்றி விற்றேன். விற்பதற்கு முன்னால் வக்கீலம்மா கேட்டார், தறி மேல் யாருக்காவது கடன் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று. இல்லை. வாங்க வந்தவன் தறி எப்படி ஓடும் என்று கேட்கவே இல்லை, எடை போட்டான். என் அப்பா காலத்து நூல் ஓட்டும் நாடா ஒன்று அதில் மாட்டிக்கொண்டு போனதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

அந்த மூன்று சென்ட் மனையையும் விற்றோம். முழுசையும் வங்கிக்குக் கொடுக்க விடவில்லை அவர். புரோநோட்டுக்காரர்கள் ஐந்து பேரையும் ஒரே நாளில் வரச்சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினார். செக் வைத்திருந்தவரிடமிருந்து செக்கைத் திரும்ப வாங்கினார். நகரிக்காரர் ஒருத்தர் எல்லார் முன்னாலும் தெலுங்கில் என்னைத் திட்டினார், வக்கீலம்மாவும் சேர்ந்து திட்டினார், அப்புறம் நகரிக்காரருக்குக் காபி வந்தது.

வங்கி 18 லட்சத்து 25 ஆயிரத்துக்கு ஒரே தீர்வாக ஒத்துக்கொண்டது. பன்னிரண்டரை கட்டியாகிவிட்டது, மீதி இரண்டு தவணை. கடைசித் தவணை கட்டிய அன்றே எம்.ஓ.டி. ரத்து ரசீதைப் பதிவு செய்து, தாத்தாவின் தெலுங்குப் பத்திரம் உட்பட எல்லாம் கைக்கு வந்ததா என்று லிஸ்ட் வைத்து டிக் அடிக்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய ஃபீஸில் இன்னும் 7,000 பாக்கி, கேட்டால் "அது கடைசில" என்கிறார். நாலு தறி ஓடுகிறது. கேட்டில் அந்தப் பசைத் தடம் போகவில்லை, மனைவி பெயின்ட் அடிக்கலாம் என்கிறாள், பத்திரம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.