வினைமுதல்

நமக்குத் தமிழ் எடுத்த தமிழம்மா காலமான செய்தி நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் எல்லோரும் சாக்பீஸ் குறியைப் பற்றித்தான் எழுதினார்கள். கடைசி பெஞ்சு வரை பிசகாத குறி. அதை இந்த நினைவு மலரில் வேறு யாராவது எழுதட்டும். எனக்கு ஞாபகம் வருவது ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம். 'ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். முன்னால் நிற்க வைத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

"எழுவாய் இருக்கு, கண்ணாடி. வினைமுதல் எங்கம்மா? அது பாட்டுக்குத் தானா உடைஞ்சுக்கிச்சா?"

வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டார். வினை, செய்தவர் (அவர்தான் வினைமுதல்), செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன். தொல்காப்பியர் சொன்ன தொழில் முதனிலை எட்டு. மணி அடித்தும் விடவில்லை. எட்டையும் நிரப்பிவிட்டுத்தான் குழாயடிக்குப் போனேன்.

பிற்பாடு குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பில், வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம், மக்கள் தொடர்பு வேலை பார்த்தேன். வேலை என்றால் அந்த எட்டுக் கட்டம்தான். 'ஸ்டவ் வெடித்துப் பெண் பலி' என்று செய்தி வரும். ஸ்டவ்தான் எழுவாய். 'குடும்பத் தகராறில் இளம்பெண் தீக்குளிப்பு' என்றால் தகராறு தானாக வந்து தானாகப் போனது. நிருபரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை. எஃப்.ஐ.ஆரில் கணவர்மேல் வழக்கு இருந்தால், 'கணவர் தாக்கியதாக வழக்கு' என்று மாற்று வாக்கியத்தையே எழுதி அனுப்ப வேண்டும். பக்கம் கட்டும் நேரத்தில் தயாராகக் கிடைக்கிற வாக்கியம்தான் அச்சேறும்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் படிவம், டி.ஐ.ஆர் (குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை) என்று எல்லோரும் சொல்வது, தமிழம்மாவின் பலகையேதான்: தேதி, இடம், நேரம், வன்முறை செய்தவர், வன்முறையின் வகை. நிரப்புவதுதான் பாடு. "அடி விழுந்துச்சு", "கை நீட்டிட்டாங்க", "கொஞ்சம் வாய்த்தகராறு" என்பார்கள். யார் என்று கேட்டால் "அவங்கதான்". புருஷன் பேரை வாயால் சொல்லாத வயசான அம்மா ஒருத்தர் ஸ்மார்ட் ரேஷன் கார்டை எடுத்து, பேர் இருக்கிற வரிமேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் படித்துச் சொன்னதும் விரலை எடுத்துவிட்டார்.

கோர்ட்டுக்கு எட்டும் நிரம்ப வேண்டும். அச்சுக்குப் போகும்போது தலைகீழ்: வினையையும் செய்தவரின் உறவையும் தவிர மற்றதையெல்லாம் அழிக்க வேண்டும். பேரை மாற்றினால் போதும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். 'மீன் ஏலம் எடுக்கும் பெண், இரண்டு மகள்கள், சின்னவளுக்குக் காது கேட்காது' என்று போட்டால் காசிமேட்டில் பேரே தேவையில்லை. முகத்தை மங்கலாக்கிய படத்தில் புடவையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் கணவர். கை வளையல், சுவர் வண்ணம், வாசல் கேட், குரல், எதையும் விடக் கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரம் கோப்போடு ஒட்டிக்கொண்டு போகும். சாதாரணப் படமாக அனுப்பினால் உதிர்ந்துவிடும்.

கதையை அச்சிடச் சம்மதத்தை, அடைக்கலம் தரும் இல்லத்தில் சேர்ந்த அன்று கேட்கவே கூடாது. தங்க இடம் கொடுத்தவர் எதை நீட்டினாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதும் முன் ஒரு முறை, எழுதியதைப் படித்துக் காட்டி ஒரு முறை, அச்சுக்குப் போகும் அன்று ஒரு முறை. மூன்றாவது முறை வேண்டாம் என்றால் பக்கத்தை எடுத்துவிட்டு விளம்பரம் போட வேண்டியதுதான். நன்கொடையாளர்களுக்கு இது புரியாது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதிய ஊர் நமது. அரிசி மூட்டை கொடுத்தவர் வாங்கிய பெண்ணோடு படம் கேட்பார், இல்லத்து வாசலில் நின்று இடத்தைக் குறித்து இன்ஸ்டாகிராமில் போடுவார். அதனால் மூட்டையை அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்வோம். இல்லத்தின் முகவரி ரசீதில்கூட இருக்காது.

துண்டறிக்கையில் '60 நாளில் தீர்ப்பு' என்று போட்டால் அறுபத்தோராம் நாள் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க நீதிபதி முயல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சுவரொட்டி ஆஸ்பத்திரி வாசலில் வீண். மாமியாரும் கூடத்தான் நிற்பார். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே, கீழே கிழித்துக்கொள்ள எண் மட்டும் உள்ள துண்டுகள். எதற்கான எண் என்று துண்டில் இருக்கக் கூடாது. ஒட்டும்போதே நாமே இரண்டைக் கிழித்துவிட வேண்டும்; முதல் ஆளாகக் கிழிக்க யாருக்கும் கை வராது.

டி.வி.யில் ராத்திரி பேசினால் போன் மறுநாள் பதினோரு மணிக்குமேல்தான் வரும், வீட்டு ஆள் வேலைக்குப் போன பிறகு. கடலுக்குப் போகிற வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆள் நாள் முழுக்க வீட்டில். அழைப்பு குறையும். அதை 'வன்முறை குறைந்தது' என்று ஆண்டறிக்கையில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச இடமில்லை, அவ்வளவுதான். அந்த மாதங்களில் நியாயவிலைக் கடை வரிசையில்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

வேலையை விட்டபோது என் ராஜினாமா கடிதத்தில் 'குடும்பச் சூழல் காரணமாக வெளிநாடு செல்ல நேர்ந்தது' என்று எழுதினேன். இப்போது எடுத்துப் பார்க்கிறேன். சூழல் செய்தது, நேர்ந்தது. இந்தக் கட்டுரைக்கும் முதலில் 'தமிழம்மாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போய்விட்டது' என்றுதான் தொடங்கியிருந்தேன், அடித்துவிட்டேன். மூன்று முறை சென்னை வந்தேன். மூன்று முறையும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்தேன். அங்கிருந்து அவர் வீடு ஆட்டோவில் பத்து நிமிடம். நான் போகவில்லை.