யூதாஸுக்கு வசனம் எழுதிய நாட்கள்

தவக்காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே எங்கள் வட்டாரத்தில் இயேசு படங்களின் வேலை தொடங்கிவிடும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை ஒளிபரப்புவதற்காகப் பழைய ஆங்கிலப் படங்களும் தொடர்களும் ஆவணப்படங்களும் வடபழனி, சாலிகிராமம் பக்கத்து டப்பிங் தியேட்டர்களுக்கு வந்து சேரும். அவற்றுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். மற்ற மாதங்களில் சமையல் நிகழ்ச்சிக்கும் சிறுத்தைகளுக்கும் பொம்மைப் படங்களுக்கும் எழுதுகிற நான், அந்த மூன்று மாதம் மட்டும் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். "வருஷா வருஷம் அவரைச் சிலுவையில அறைஞ்சுதான் உங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்று ஒலிப்பதிவாளர் ஒருவர் கேலி செய்வார். பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால், அந்தக் கேலி எனக்குக் கொஞ்சம் உறைக்கவும் செய்யும்.

இத்தனை ஆண்டுகளில் என் நேரத்தை அதிகம் தின்றவை இயேசுவின் வசனங்கள் அல்ல. அவற்றில் பெரும்பகுதியை எனக்கு முன்பே பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். உதட்டசைவுக்கு ஏற்ப நறுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. ஒரு படத்தில் பத்துப் பதினைந்து வரி மட்டுமே பேசுகிற யூதாஸிடம்தான் நான் இரவு இரவாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

அது ஒரு வினைச்சொல்லில் தொடங்கியது. கெத்செமனே தோட்டம், தீவட்டிகள், முத்தம். "யூதாசே, முத்தத்தினாலேயா மனுஷகுமாரனைக் காட்டிக்கொடுக்கிறாய்" என்பது நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த லூக்காவின் வரி. டப்பிங்கில் உதடு ஒட்டுகிற இடங்களைத்தான் முதலில் பார்ப்போம்; திரையில் வாய் மூடும்போது தமிழிலும் ஒரு பகரமோ மகரமோ விழ வேண்டும். 'முத்தத்தினாலேயா'வின் மகரமும் 'மனுஷகுமாரனை'யின் மகரமும் தைத்துவைத்ததுபோல் பொருந்தின. ஆனால் கடைசிச் சொல் பொருந்தவில்லை. "சார், அவர் வாயை மூடிட்டார், வார்த்தை இன்னும் ஓடுது" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. 'காட்டிக்கொடுக்கிறாய்' என்ற சொல்லுக்கு ஆங்கில நடிகரின் வாயில் இடமில்லை. சுருக்க வேண்டும் என்பதற்காக நான் அவசரத்தில் "முத்தத்தாலா என்னை விற்கிறாய்?" என்று மாற்றிக் கொடுத்தேன். வேலை கொடுத்த நிறுவனத்தாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று, 'பஞ்ச்' இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் பிடிக்கவில்லை. விற்றானா, காட்டினானா, கொடுத்தானா? மூன்றும் வேறுவேறு குற்றங்கள் அல்லவா? செமினரியில் கிரேக்கம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு குருவானவர் அப்போது எங்கள் வேலைக்கு ஆலோசகராக இருந்தார். அவரிடம் கேட்டபோது, நற்செய்திகளில் யூதாஸின் செயலுக்குத் திரும்பத் திரும்ப வருகிற கிரேக்கச் சொல் 'பராதிதோமி' என்றும், அதற்குக் 'கையளித்தல்' என்பதுதான் நேர்ப்பொருள் என்றும், 'துரோகி' என்று அவனை நேராகவே அழைக்கிற சொல் லூக்கா 6:16-இல் ஒரே ஒரு முறைதான் வருகிறது என்றும் சொன்னார். பிலாத்து இயேசுவைச் சிலுவையில் அறையும்படி ஒப்புக்கொடுத்தான் என்கிற இடத்திலும் அதே சொல்தான். ரோமர் 8:32-இல், பிதாவானவர் தம் சொந்தக் குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தார் என்கிற இடத்திலும் அதே சொல்தான்.

தமிழில் யூதாஸுக்கு மட்டும் 'காட்டிக்கொடு'. பிலாத்துக்கும் பிதாவுக்கும் 'ஒப்புக்கொடு'. மொழிபெயர்த்தவர்கள்மீது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டில் இன்னார் என்று அடையாளம் காட்டி, பிறகு கையில் கொடுத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழியும் வைத்திருக்காது. ஆனாலும் கிரேக்கத்தில் ஒரே நூலில் கோத்திருந்த மூன்று பேரில் ஒருவனை மட்டும் நம் மொழி தனியே பிரித்து நிறுத்திவிட்டது என்பது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நற்கருணை ஆராதனையில் "காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெயரிலும் இதே பிரிவினை இருக்கிறது. கிரேக்கத்தில் 'யூதாஸ்' என்ற ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு சீடர்கள் உண்டு. தமிழில் நல்லவர் யூதா ஆனார். கைவிடப்பட்டவர்களின் பாதுகாவலர் என்று கத்தோலிக்கர்கள் மன்றாடுகிற யூதா ததேயு அவர்தான். மற்றவன் யூதாஸ் ஆனான். யோவான் தம் நற்செய்தியில் "ஸ்காரியோத்தல்லாத யூதா" என்று விளக்கம் சொல்லவேண்டி வந்த குழப்பத்தை நாம் ஒரு 'ஸ்' வைத்துத் தீர்த்துக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் விகுதி. கிரேக்கத்திலோ ஆங்கிலத்திலோ இந்தக் கவலையே இல்லை. தமிழில் வினைமுற்று என்று ஒன்று வந்துவிட்டால் '-ஆன்' போடுவதா '-ஆர்' போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நான் படித்து வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பில் பேதுருவும் 'என்றான்', யூதாஸும் 'என்றான்'. இயேசுவுக்கு மட்டுமே 'என்றார்'. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் பேதுரு 'என்றார்' ஆகிவிட்டார்; யூதாசு 'அவன்' ஆகவே நின்றுவிட்டான். ஒரு தொடரின் பின்னணிக் குரலுக்காக எழுதும்போது, சேவல் கூவுமுன் மூன்று முறை ஆண்டவரை மறுதலித்தவருக்கு '-ஆர்' இருக்கும்போது, காசைத் திருப்பிக் கொண்டுவந்தவனுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று நினைத்து, சீடர்கள் எல்லாருக்குமே '-ஆர்' போட்டுவிட்டேன். ஸ்கிரிப்ட் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே வரி: "துரோகிக்கு என்ன மரியாதை?" எட்டப்பன் என்ற பெயரை வசவாகவே வைத்திருக்கிற ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. நானும் மறுபேச்சின்றித் திருத்திக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு தொழிலுக்காக அல்லாமலும் யூதாஸைத் தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். சினிமா அவனைக் கைவிட்டதே இல்லை. 1927-இல் சிசில் பி. டெமில் எடுத்த மௌனப்படத்தில் அவன் மகதலேனாளின் காதலன். 1961-இல் வந்த 'கிங் ஆஃப் கிங்ஸ்' படத்தில் அவன் பரபாசின் கலகக்காரர்களோடு தொடர்புள்ளவன். நெருக்கடி முற்றினால் ஆண்டவர் தம் வல்லமையைக் காட்டித்தான் தீருவார் என்று கணக்குப் போடுகிறான். 1973-இல் வந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா'ரில் கார்ல் ஆண்டர்சன் நடித்த யூதாஸ், ரோமர்கள் தன் மக்களை நசுக்கிவிடுவார்களே என்று அஞ்சுகிறவன். 1988-இல் ஸ்கார்செஸி எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' எல்லாவற்றுக்கும் மேலே போயிற்று: இயேசுவே கேட்டுக்கொண்டதால், மனமில்லாமல், அவர்மேல் உள்ள அன்பினால் அவரைக் கையளிக்கிற சீடனாக ஹார்வி கைட்டல் வந்தார். 2004-இல் மெல் கிப்சன் காலத்தைத் திருப்பி, பேய்களாக உருமாறும் சிறுவர்களை அவன்மேல் ஏவிவிட்டார்.

ஒரு நடிகனுக்குக் காரணம் வேண்டும். 'நான் ஏன் இதைச் செய்கிறேன்?' என்று கேட்காத நடிகனை நான் பார்த்ததில்லை. குரல் கொடுக்க வருகிறவர்கள்கூடக் கேட்பார்கள். நற்செய்திகளோ கைவிரிக்கின்றன. மாற்குவில் காரணமே இல்லை; ஆசாரியர்கள்தான் பணம் தருவதாகச் சொல்லுகிறார்கள். மத்தேயுவில் அவனே "என்ன கொடுக்கிறீர்கள்" என்று கேட்கிறான். கிடைத்தது முப்பது வெள்ளிக்காசு. மாடு முட்டிச் செத்த அடிமைக்கு யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் விதிக்கிற ஈட்டுத்தொகையும் அதே முப்பதுதான். லூக்காவும் யோவானும் சாத்தான் புகுந்தான் என்கிறார்கள். யோவான் கூடவே அவன் பணப்பையைத் திருடினவன் என்கிறார். இந்த வெற்றிடத்தில்தான் திரைக்கதை எழுதுகிறவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

அப்படி உட்கார்ந்து எழுதப்பட்டவற்றில் எனக்கு நெருடலானது 1977-இல் ஸெஃபிரெல்லி எடுத்த 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்'. அதில் யூதாஸ் ஏமாற்றப்பட்ட அப்பாவி. ஆலோசனைச் சங்கத்தின்முன் இயேசு பேச வாய்ப்பு கிடைக்கும் என்று அவனை நம்பவைக்கிறவன் ஸெரா என்ற வேதபாரகன். வேதாகமத்தில் இல்லாத பாத்திரம் அது. யூதாஸின் தோளிலிருந்து இறக்கிய பாரத்தை ஒரு யூதத் தலைவனின் தோளில் ஏற்றிவைத்தாயிற்று. யூதாஸ், யூதர் என்ற இரண்டு சொற்களும் தமிழிலும் ஒரே வாயசைவில்தான் தொடங்குகின்றன. மத்தியகால ஐரோப்பிய ஓவியங்களில் மஞ்சள் அங்கியும் செந்தலையும் பணப்பையுமாக நின்ற யூதாஸ், எத்தனையோ ஊர்களில் யூத அண்டை வீட்டார் எல்லாருடைய முகமாகவும் ஆக்கப்பட்டான். கிறிஸ்துவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும் பொறுப்பாக்கக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்ததே 1965-இல்தான். ஒருவனுக்கு நியாயம் செய்யப் போய் ஒரு மக்களுக்கு அநியாயம் செய்கிற அந்தக் கதைத்திருப்பத்தை நினைத்தால், நல்ல எண்ணத்தோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஸ்கார்செஸியின் யூதாஸ் பார்க்கிற நேரத்தில் உலுக்குகிறான். வீடு திரும்பும் வழியில் இலேசாகிவிடுகிறான். சொன்னதைச் செய்தவன் என்றால் அது கீழ்ப்படிதல்; பந்தியில் ஒரே தட்டில் கையிட்டவன் செய்தது என்ற கசப்பு அதில் இல்லை. ஆனாலும் அந்தப் படம் சாய்ந்து நிற்க யோவான் 13:27-இல் ஒரு சுவர் இருக்கிறது: "நீ செய்கிறதைச் சீக்கிரமாய்ச் செய்." டப்பிங் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் தொனியை எழுத வேண்டும். கட்டளையாகவா, வேதனையோடா, சலிப்போடா? ஒரு மதியம் முழுக்க மூன்று விதமாகவும் பதிவு செய்தோம். கடைசியில் அடைப்புக்குறியைக் காலியாகவே விட்டேன். தொழிலில் நான் அப்படி விட்டது அந்த ஒரு முறைதான்.

2006 ஏப்ரலில் 'யூதாஸின் நற்செய்தி' என்ற, எகிப்தின் பழைய கோப்த்திய மொழியில் எழுதப்பட்ட சுவடியை நேஷனல் ஜியாகிரஃபிக் வெளியிட்டபோது எங்கள் தொழிலிலும் ஒரு பரபரப்பு இருந்தது. இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனேயு என்ற ஆயர் கண்டித்து எழுதியிருந்த நூல் அது. இயேசுவின் மனம் அறிந்த ஒரே சீடன் யூதாஸ் என்று செய்தித்தாள்கள் எழுதின. மறு ஆண்டே ஏப்ரல் டிகோனிக் என்ற ஆய்வாளர் மறுப்புக் கிளப்பினார்: சுவடியில் யூதாஸை அழைக்கிற 'தைமோன்' என்ற சொல்லை 'ஆவி' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள், அந்த நூலின் மரபில் அதற்குப் 'பேய்' என்றுதான் பொருள், அங்கே அவன் நாயகனே அல்ல என்றார். அறிஞர்கள் இன்னும் உடன்பட்டபாடில்லை. எனக்கோ அந்தச் செய்தி அடிவயிற்றில் இறங்கியது. ஒரே சொல்லில் ஒருவன் புனிதனாகவும் பேயாகவும் ஆக முடியும் என்றால், நான் 'விற்கிறாய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அந்த மதியத்துக்கு யாரிடம் போய்ச் சொல்வது?

இவ்வளவுக்கும் பிறகு, யூதாஸைப் பற்றி மறுபரிசீலனை செய்ய அவனுக்குப் புதுக் காரணம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் இருப்பதை வெட்டாமல் காட்டினால் போதும். அவன் மனஸ்தாபப்படுகிறான், காசைத் திரும்பக் கொண்டுபோகிறான், "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்கிறான். பாவத்தைக் கேட்டு நிவிர்த்தி செய்வதற்கென்றே இருந்த ஆசாரியர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." மனஸ்தாபம் வேறு, மனந்திரும்புதல் வேறு, யூதாஸுக்கு வாய்த்தது முதலாவது மட்டுமே என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன், அவன் கடவுளின் இரக்கத்தின்மேல் நம்பிக்கை இழந்ததே அவன் பாவம் என்று அகுஸ்தீன் எழுதியதன் நிழல் அது. ஆனால் அதே மத்தேயுவில், 21-ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்பு "மனஸ்தாபப்பட்டுப் போனான்" என்று புகழப்படுகிற மகனுக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான், பழைய தமிழிலும் அதே சொல்தான். பிரான்சில் வேஸ்லே ஊர்த் தேவாலயத்துத் தூண் ஒன்றின் தலைப்பில், ஒரு பக்கம் தூக்கில் தொங்குகிற யூதாஸையும் மறுபக்கம் அவனை ஆட்டுக்குட்டியைப்போலத் தோளில் தூக்கிச் செல்கிற ஒருவரையும் செதுக்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பி, இந்த அதிகாரத்தை நம்மைவிட நிதானமாகப் படித்திருக்க வேண்டும்.

நான் எழுதிய தொடரில், யூதாஸ் காசைத் திரும்பக் கொண்டுபோகிற அந்தக் காட்சி ஒளிபரப்பாகவில்லை. விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று மூன்று நிமிடத்தை எடுத்தார்கள். எடுத்தது அந்த மூன்று நிமிடம். முத்தத்திலிருந்து நேராகக் கயிற்றுக்குத் தாவிவிட்டான். கிராமம் கிராமமாக வெள்ளைத்துணி கட்டிக் காட்டப்பட்ட 1979-ஆம் ஆண்டு 'இயேசு' படமும் லூக்காவையே பின்பற்றியது. லூக்கா நற்செய்தியில் இந்தக் காட்சி கிடையாது. இதைச் சொல்லி வாதாடிப் பார்த்தேன். "சார், யூதாஸ் அழறதை யாரு பாக்கப்போறா?" என்றார் பொறுப்பில் இருந்தவர்.

இந்த ஆண்டு வந்திருப்பது ஓர் ஆவணப்படம். வசனம் குறைவு, பின்னணிக் குரல்தான் அதிகம். கடைசி இராப்போஜனக் காட்சியில், அப்பத்துணிக்கையை வாங்கிக்கொண்டு அவன் எழுந்து போகிறான். '-ஆன்' போட்டால் எனக்கு உறுத்தும், '-ஆர்' போட்டால் சிவப்பு மை வரும். அரை மணிநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபிறகுதான், சிறுவயதில் தமிழாசிரியர் அடித்துச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: பெயரெச்சத்துக்குத் திணையும் பாலும் இல்லை. வினைமுற்றையே எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவும் ஒரே டேக்கில் முடிந்துவிட்டது.

"யூதாஸ் வெளியே போனபோது, இரவு."